உபதேசியாரின் மேசைக்கு ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுச் சிற்றாலயத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உபதேசியாராக (குருவுக்குத் துணையாக மறைப்பணி செய்பவராக) இருந்து, கடந்த தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்த பெரியவரின் நினைவாக, ஆலயத்தை ஒட்டிய நிலத்தில் ஒரு படிப்பறை கட்டுவதென்று எங்கள் குழு தீர்மானித்துள்ளது. அதற்கு உங்கள் உதவியை நாடியே இதை எழுதுகிறோம். தம் பெயரை எந்தக் கல்லிலும் வெட்டக்கூடாது, எந்த நோட்டீசிலும் போடக்கூடாது என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனதால் இங்கும் அதைக் குறிப்பிடவில்லை. இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உபதேசியார் தாத்தா என்றாலே போதும்.

உபதேசியார் என்றாலும் அவர் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வாழ்ந்த தொழிலாளி. காலையில் பெரட்டுக் களத்தில் (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில்) நின்று, பகல் முழுவதும் கத்தி பிடித்து, மாலையில் கம்பளியை உதறி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஆலயத்துக்கு வருவார். பங்குத்தந்தை மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டுமே எங்கள் பிரிவுக்கு வர முடியும் என்பதால், மற்ற ஞாயிறுகளில் வாசகம் படிப்பதும் செபமாலை சொல்லுவதும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் குருமார் இல்லாமல் கத்தோலிக்கர் பட்ட பாட்டையும், 1687 இல் புனித யோசேவாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்து சேரும்வரை சாதாரணக் குடும்பத்தார் வீடுகளுக்குள் செபித்து விசுவாசத்தைக் காத்ததையும் மறைக்கல்வி வகுப்பில் அவர் சொல்லும்போது, ஏதோ பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நேற்று நடந்ததைச் சொல்லுவதுபோல் இருக்கும். 1752 ஜனவரி 14 அன்று உயிர்நீத்த நட்டாலம் தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது, குருவுமல்லாத துறவியுமல்லாத ஒரு குடும்பஸ்தருக்கு அந்தச் சிறப்பு கிடைத்ததை எண்ணி, “சம்சாரிக்கும் அங்கே இடமிருக்கு போல” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தாராம்.

ஆனால் எங்கள் மக்கள் அவரை நினைப்பது செபத்தைவிட அவருடைய மேசையை வைத்துத்தான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அவரே அடித்த அந்த மேசை, அவருடைய காம்பராவின் (லயத்து வீட்டின்) இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) கிடந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் நாடற்றவர்களாக்கியதும், 1964 ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதும் உங்களுக்குத் தெரிந்தவை. அந்தக் கணக்கில் அடங்கிய ஒவ்வொரு தலைக்கும் ஒரு படிவம் தேவைப்பட்டது. எழுதத் தெரிந்தவர்களோ தோட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களுக்கும், இங்கேயே தங்கி 1988 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தின்கீழ் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) கொடுத்தவர்களுக்கும், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை பெற்றவர்களுக்கும் அந்த மேசையிலேயே எழுத்துவேலை நடந்தது. ஒரு கடதாசியில் ‘முத்தம்மா’ என்றும் இன்னொன்றில் ‘முத்தம்மாள்’ என்றும் இருந்தால் காரியாலயத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் பேனாவை மூடமாட்டார். பெருவிரலை மையில் தொட்டு வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு, பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் பெயரை எழுதப் பழக்கி, கையெழுத்து வரும்வரை மூன்று நான்கு மாலைகள் வரச்சொல்லுவார். அப்படிப் பெயர் எழுதக் கற்ற தாய்மார் சிலர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். கூலியாக ஒரு சதமும் வாங்கியதில்லை. ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணீரை மட்டும் மறுக்கமாட்டார்.

அவரைக் குறையில்லாத மனிதராகக் காட்டினால் அவரே ஒப்பமாட்டார். கோபக்காரர். தவறணையிலிருந்து (மதுக்கடையிலிருந்து) திரும்புகிறவரை நடுவழியில் நிறுத்தி ஊர் கேட்கத் திட்டிவிடுவார். மறுநாள் பெரட்டுக்கு முன்பே அந்த வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்டு நிற்பார். இந்துக்களின் காமன் கூத்துக் காலத்தில் ஆலயத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தாமே துடைத்துக் காற்றடித்துக் கொண்டுபோய்க் கொடுத்ததற்காகச் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. இன்று எங்கள் குழுவில் பாதிப்பேர் இந்துக்களாக இருப்பதற்கு அந்த விளக்கும் ஒரு காரணம்.

நினைவுச்சின்னம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இழுபறி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆலய முற்றத்தில் ஒரு கெபி (குகை வடிவ வழிபாட்டிடம்) எழுப்பலாம் என்று ஒரு சாரார் வற்புறுத்தினார்கள். மழைக்காலத்தில் இஸ்தோப்பு நனைந்து மேசையின் ஒரு கால் உளுத்துப்போயிருப்பதை அவருடைய மகள் சுட்டிக்காட்டிய பிறகே பேச்சு படிப்பறைப் பக்கம் திரும்பியது. 24 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட அந்த அறையில், வார நாள் மாலைகளில் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் படிக்கும் பிள்ளைகள் மதவேறுபாடின்றி உட்கார்ந்து படிப்பார்கள். ஞாயிறு பிற்பகலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், காணி, ஓய்வூதியம், சேமலாப நிதி முதலியவற்றுக்கான படிவங்களை அதே மேசையில் இருந்து நிரப்பிக் கொடுப்பார்கள்.

செலவில் பெரும்பகுதி அறைக்கு ஆவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மலையகத்தின் மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்ததற்குப் பின்னர், சரிவான நிலத்தில் கட்டுகிறவர்கள் அதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்றே வேலையைத் தொடங்குவோம். மேற்புறத்தில் கருங்கல் அணைசுவரும், மழைநீர் வடிந்தோட வடிகாலும் முதலில் முடிந்தாக வேண்டும்.

பொருள்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகையாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்பது நேர்மை என்று கருதுகிறோம். 50 கிலோ சிமெந்து மூடை ஒன்றோ, ஒரு கூரைத் தகடோ, பிள்ளைகள் உட்கார ஒரு வாங்கோ (நீள இருக்கையோ) உங்கள் பங்காக இருக்கலாம். பணமாகத் தர விரும்புகிறவர்கள் குழுவின் பொருளாளரிடம் மட்டும் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதந்தோறும் திருப்பலி முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். கொடுக்க இயலாதவர்கள் ஞாயிறு காலைச் சிரமதானத்துக்கு ஒரு மணித்தியாலம் வந்தால், கல் சுமக்க ஆள் தேவைப்படுகிறது. பெரியவரின் விருப்பப்படி, நன்கொடையாளர் பெயர்ப்பலகை எதுவும் வைக்கப்படமாட்டாது.

தமிழ்நாட்டின் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் குடியேறியிருக்கும் எங்கள் உறவுகளிடம் தனியாக ஒன்றைக் கேட்கிறோம். அவர் கைப்பட எழுதிய விண்ணப்பமோ கடிதமோ உங்கள் பெட்டிகளில் இருந்தால், அசலை நீங்களே வைத்துக்கொண்டு நிழற்பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள். மேசையின் இழுப்பறை அதற்காகக் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
படிப்பறைக் கட்டடக் குழுவினர்