பொங்கலுக்கு பைக்கில் ஊருக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே (தங்கைகளும் சிலர் இருக்கிறீர்கள், சென்னை பெருங்களத்தூர் நெரிசலில் பார்த்திருக்கிறேன்),

ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பஸ்ஸில் கேட்கிற காசைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. சரி, பைக்கை எடு! இந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பதினாலு வருஷமாகக் கூடுவாஞ்சேரியிலிருந்து பெரம்பலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு பைக்கில்தான் போய்வருகிறேன். அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்து, பதினொன்றுக்கு அப்படியே பையைக் கட்டிக்கொண்டு கிளம்புவது நம் வழக்கம். வண்டியை மட்டும் முந்தின ஞாயிறே சர்வீஸுக்கு விட்டு, ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருப்போம். ஓட்டுகிற ஆளோ காலை ஆறு மணிக்கு எழுந்தவன்.

2016 பொங்கலுக்கு நானும் அப்படித்தான் கிளம்பினேன். விக்கிரவாண்டியில் ஒரு டீ, விழுப்புரம் தாண்டி இன்னொரு டீ. உளுந்தூர்பேட்டையைக் கடந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பின் வேப்பூர் என்று ஓர் ஊர் வந்திருக்க வேண்டுமே, அது வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்தது, கை ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. முன்சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கித் தடதடவென்று உதறியதும்தான் முழித்தேன். எதிரே, ஓரமாக, கரும்பு ஏற்றிய ஒரு லாரி. பின்விளக்கு இல்லை. எச்சரிக்கைக்கு இரண்டு கல்லும் ஒரு கரும்புத் தோகையும் போட்டிருந்தார்கள். தோகையின் மேல்தான் ஏறினேன். கரும்பு நுனி என் வலது தோளை உரசிக்கொண்டு போனது. சட்டை கிழிந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். டீ கேட்டேன். கிளாஸை எடுக்காமல், கடைக்குப் பின்னால் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி, "டீ எங்கயும் போயிடாது சார், மொதல்ல படுங்க" என்றார். இரண்டு மணி நேரம் பிணம் மாதிரி தூங்கினேன். அதுவரை தூக்கத்துக்கு மருந்து டீ என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

எண்பதில் போகும்போது ஒரு நொடிக்கு 22 மீட்டர். ஏறக்குறைய ஒரு ரயில் பெட்டி நீளம். இரண்டு நொடி கண் சொக்கினால் இரண்டு பெட்டி நீளத்துக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். அண்ணா, என் வண்டியில் ஏபிஎஸ் (சடாரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது என்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம்தான். ஆனால் பிரேக் பிடித்தால்தானே ஏபிஎஸ் வேலை செய்யும்? தூங்குகிறவன் பிரேக் பிடிப்பதில்லை.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஷிப்ட் முடிந்ததும் ரூமுக்குப் போய்ப் படுங்கள். விடிகாலை நாலரை, ஐந்துக்குக் கிளம்புங்கள். மதிய சாப்பாட்டுக்குத் திருச்சி தாண்டிவிடலாம். போகியன்று மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அன்று விடிகாலையில் பனியோடு டயர் புகையும் சேர்ந்துகொள்ளும். 2018 போகிக்கு மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பிப் போயின. நம் ஹெட்லைட் எந்த மூலைக்கு? வெயில் வரட்டும், அப்புறம் கிளம்பலாம்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காற்றை டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். பின்னால் ஆளும் பையும் ஏறினால் எவ்வளவு வேண்டும் என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை. ஹெல்மெட் பட்டையை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் உருண்டு போய்விடும். இருட்டில் கறுப்பு வைசர் வேண்டாம். குறுக்கே நாயோ ஆளோ வந்தால் அதையே வெறிக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போகும் சுகம் எனக்கும் தெரியும், ஆனால் அந்த லாரிக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று நமக்குத் தெரியாது.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால் 108-க்கு அடியுங்கள். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தை 2021 டிசம்பரில் நம் பாதையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட தொகைவரை அரசே கட்டுகிறது. காசுக்கு என்ன செய்வது என்று தயங்கி நிற்காதீர்கள்.

கடைசியாக, அம்மா. அரை மணிக்கு ஒருமுறை "எங்கப்பா வர்ற?" என்று போன் வரும். எடுக்காவிட்டால் அவருக்குப் பதறும், எடுத்தால் நமக்கு ஆபத்து. ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் 'அம்மா' என்று ஒளிர்ந்தால் பார்க்காமல் இருக்க எவனாலும் முடியாது. அதனால் கிளம்பும் முன்பே நான் எங்கள் வீட்டில் நேரம் சொல்லிவிடுவேன்: மேல்மருவத்தூர், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, மூன்று இடத்தில் நிற்பேன், நானே கூப்பிடுவேன், நீ கூப்பிடாதே. போனை சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுவேன். முதல் வருஷம் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று ஊர் பெயரையும் எழுதிவைத்து, கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக அடிக்கிறார்.

இந்த முறையும் போகிக்கு முந்தின நாள் விடிகாலைதான் கிளம்புகிறேன். மேல்மருவத்தூர் தாண்டி ஏதாவது டீக்கடை வாசலில், வலது தோளில் தையல் போட்ட பழைய நீலச் சட்டையோடு ஓர் ஆள் அம்மாவிடம் போன் பேசிக்கொண்டிருந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். டீ என் கணக்கு.

இப்படிக்கு,
பெரம்பலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவன்