தாய்க்காகச் சாட்சி சொல்லக் குழந்தையை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய நீதிமன்ற நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள் என்பதால் பின்னணியை நான் விரித்துரைக்கப் போவதில்லை. சென்ற வாரம் வேறொரு வழக்குக்காகக் காத்திருந்தபோது, நீதிமன்ற அறையின் பின்வரிசையிலிருந்து கண்டதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

கணவரிடமிருந்து பாதுகாப்பு ஆணை கேட்டு வந்திருந்த பெண்ணுக்கு நீதிமன்றத்தின் மொழி தெரியாது. வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இருமுறை தள்ளிப்போன வழக்கு என்பதால், உடன் வந்திருந்த மகளையே பெயர்த்துச் சொல்லச் சொன்னார்கள். அவளுக்குப் பத்து வயதுக்கு மேல் இராது. தாய் பேசிய மொழி எனக்குத் தெரியும். மூச்சு நிற்கும்வரை கழுத்தை நெரித்ததையும், மகள் அதைக் கதவோரம் நின்று பார்த்ததையும், கையால் கழுத்தைத் தொட்டுக் காட்டியபடி அவர் விவரித்தார். சிறுமி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா கோபப்பட்டாராம்” என்றாள். பதிவேட்டில் ஏறியவை அந்த இரண்டு சொற்கள்தாம். பின்னர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாய் தலையசைத்துக்கொண்டே இருந்தார். காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்கு அந்த மக்களிடையே உள்ள மரியாதை அது. அங்கே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. நான் எழுந்து சொல்ல முயன்றேன். பார்வையாளர் பேசக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தை மறக்க வேண்டியதை, அவள் வாயாலேயே சபையில் சொல்ல வைத்திருக்கிறோம். அவளால் சொல்ல முடியாமல் போனதற்கான விலையைத் தாய் கொடுக்கிறார்.

என் கோரிக்கை ஒன்றுதான்: நீதிமன்ற மொழி அறியாத எவருக்கும், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரணை தொடங்கக் கூடாது. குழந்தைகளையும் உறவினர்களையும் அந்த இடத்தில் நிறுத்தவே கூடாது.

இது புதிதாகக் கேட்கப்படும் சலுகையன்று. குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, 14ஆம் பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச மொழிபெயர்ப்பு உதவியை உரிமையாகவே தருகிறது. மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாகவும் துல்லியமாகவும் நடுநிலையோடும் தகுதியுள்ளவரால் உடனுக்குடனும் செய்யப்பட வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. தலையசைப்பைப் பற்றியும் சட்டத்துக்குத் தெரியும்: ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் 1976இல் வகுக்கப்பட்ட அனுங்கா விதிகள், பழங்குடியினர் பலர் மரியாதையின் காரணமாகக் கேட்பவர் விரும்பும் விடையையே தந்துவிடக்கூடும் என்று காவல்துறையை எச்சரித்தன.

ஆனால் அந்த 14ஆம் பிரிவின் வாசகம் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றியது. அடிபட்டு வந்து பாதுகாப்பு கேட்பவரும், வீட்டிலிருந்து வெளியேற்றப்படுபவரும், பிள்ளையின் பொறுப்புக்காக வழக்காடுபவரும் அந்த வரிக்கு வெளியே நிற்கிறார்கள். பல இனத்தவரும் பல மொழியினரும் சேர்ந்து வாழும் சமூகம் என்று நாம் பெருமையோடு எழுதிக்கொள்கிறோம். அவர்களுடைய ஆடையையும் ஆடலையும் மேடையேற்றிக் கைதட்டுகிறோம். அதே மனிதர் கூண்டருகே நின்று, தன் மொழியில், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வாய்திறக்கும்போது, கேட்பதற்கு ஆளில்லை என்கிறோம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற வாக்கியம் அவருக்குப் புரியும் மொழியில் ஒருமுறையாவது சொல்லப்பட்டிருக்கிறதா?

கேள்வி கடுமையாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆட்கள் குறைவு என்பதை நான் அறியாதவர் அல்ல. நேரில் வர இயலாதபோது தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ வேறிடத்திலிருக்கும் மொழிபெயர்ப்பாளரை இணைக்கலாம். அதுவும் இயலாமல் வழக்கைத் தள்ளிவைக்க நேர்ந்தால், காத்திருக்கும் நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணையை வழங்கிவிட்டுத் தள்ளிவைக்கலாம். உங்கள் தாமதத்தின் சுமை அந்தப் பெண்ணின் கழுத்தில் விழக் கூடாது.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எந்த விசாரணையும் தொடங்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமான ஆணை பிறப்பியுங்கள். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை, மகளை அறைக்கு வெளியே அமர்த்திவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அன்று உட்கார வைக்கப்பட்ட பார்வையாளர்