மாசிப் பௌர்ணமிக்கு வா, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்யாணம் நிச்சயமான பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடலாமா என்று உன் அம்மா கேட்டாள். கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். விடியற்காலையில் மாமல்லபுரம், கடற்கரைக் கோயில் பின்னால் தெரிய நீயும் மாப்பிள்ளையும் இரண்டு உடுப்பில் போட்டோ, பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு கோவளத்தில் சாப்பாடு. கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி: "அத்தை, அங்கே வேறென்ன இருக்கு?" அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போட்டோ எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ட்ரைபாடும் ட்ரோனும் தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழையாது, அதை மட்டும் உன் போட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நான் கேட்பது தேதியை மாற்றச் சொல்லித்தான். மாசிப் பௌர்ணமிக்கு வா.

முதலில் அந்தக் கோயில். ராஜசிம்ம பல்லவன் காலத்தது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். பாறையைக் குடைந்தே பழகிய ஊரில், கல்லை அறுத்து அடுக்கி எழுப்பியது. தூரத்திலிருந்து இரண்டு விமானங்கள் தெரியும், இரண்டுமே சிவனுக்கு. பெரியது கடலைப் பார்த்து நிற்கிறது, சின்னது ஊரைப் பார்த்து. இரண்டுக்கும் இடையில் விமானமே இல்லாத ஓர் அறை இருக்கிறது. அதற்குள் பாறையிலேயே செதுக்கிய பெருமாள் படுத்திருக்கிறார். படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். நீ பார்த்துவிட்டு வா. கோயிலை ஒட்டி வெளியே ஒரு சிங்கம் உட்கார்ந்திருக்கும். அதன் மார்பில் சதுரமாக ஒரு மாடம், மாடத்துக்குள் துர்க்கை. பள்ளத்தில் படிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு வராகம் நிற்கும், 1990இல்தான் அதை மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள்.

உப்புக் காற்று சிற்பங்களின் முகத்தையெல்லாம் தின்றுவிட்டது. மதில் மேல் வரிசையாக இருக்கிற நந்திகளில் பல, வெறும் உருண்டைக் கல்லாகத் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அலை தொடாமல் இருக்கக் கருங்கல்லைக் கொட்டியும், காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் என்பதால் புல்வெளி, வேலி, நுழைவுச்சீட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பூசை மட்டும் கிடையாது. கருவறைச் சுவரில் சோமாஸ்கந்தராகச் சிவன், உமையோடும் குழந்தை முருகனோடும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வேலிக்கு வெளியே இருக்கிற மணலைத்தான் நீ பார்க்கவேண்டும் என்கிறேன்.

மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாளே இருளர் பழங்குடி மக்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பேருந்திலும் வேனிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். நான்கு குச்சி நட்டு, சேலையைச் சுற்றிக் கட்டினால் ஒரு வீடு. சாயங்காலத்துக்குள் கடற்கரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சேலை வீடுகள் எழுந்துவிடும். ராத்திரி அங்கேயே அடுப்பு மூட்டிச் சமையல், பாட்டு, ஆட்டம். நிலா வெளிச்சத்தில் குழந்தைகள் தூங்கவே மாட்டார்கள்.

விடிவதற்குள் எல்லோரும் கடலில் முழுகி எழுவார்கள். ஈர மணலைக் கையால் குவித்து ஏழு படி கட்டுவார்கள். அங்கே எழுந்தருள்கிறவள் கன்னியம்மன். படிகளில் மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு, பொரி. கற்பூரம் ஏற்றினால் அதுவே கோயில். கூரையும் இல்லை, கதவும் இல்லை, சாவி வைத்திருக்கிறவரும் இல்லை. அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துப்போக வருகிறோம் என்பார்கள். பூசாரிக்கு அருள் வந்து குறி சொல்லும்போது சுற்றி நிற்கிறவர்கள் கேட்கிற கேள்விகளைக் கவனி. பெண்ணுக்கு வரன் எப்போது வரும், பிள்ளைக்கு உடம்பு எப்போது தேறும் என்று, உன் பாட்டி நம்மூர் மாரியம்மனிடம் கேட்டவைதான்.

மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் அந்த மணலில்தான். கல்யாணமும் அங்கேதான். போன வருஷ மாசிப் பௌர்ணமிக்குப் பேசி முடித்த சம்பந்தத்துக்கு இந்த வருஷப் பௌர்ணமிக்குத் தாலி ஏறும். பெண்ணும் பையனும் மாலை போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார்கள், சொந்தக்காரர்கள் அரிசி தூவுவார்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மண்டபத்துக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணத்தை நினைத்துக்கொண்டே அதைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியும், சொல்லிவிட்டேன்.

இதை வேடிக்கையாக நினைத்துவிடாதே. இருளரில் பலர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் சிதறிக் கிடந்தவர்கள். கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்களும் அவர்களில் உண்டு. மனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இன்னும் நடையாய் நடக்கிறார்கள். ஆண்டில் ஒருநாள் சொந்தபந்தம் முழுக்க ஒரே இடத்தில் கூடுவதற்கு அவர்களுக்கு இருப்பது இந்தக் கடற்கரை. அம்மனுக்காக வருகிறார்களா, ஒருவரையொருவர் பார்ப்பதற்காக வருகிறார்களா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு கூட்டத்துக்குக் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் போதவில்லை என்ற குறைதான் தீர்ந்தபாடில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வரும். அதன் வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இல் வந்த வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனது, பிழைப்புக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 1978இல் சங்கம் தொடங்கினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து வந்து, விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நேரம் இருந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு வா. மாப்பிள்ளைக்குப் பாம்பு பயம் என்றால் வண்டியிலேயே இருக்கட்டும்.

பௌர்ணமியை ஒட்டி வருகிற மாசி மகத்தன்று அதே கடலுக்குப் பெருமாளும் வருவார், தீர்த்தவாரிக்கு. ஊருக்குள் இருக்கிற தலசயனப் பெருமாள் பாம்பணை இல்லாமல் வெறுந்தரையில் படுத்திருப்பவர். புண்டரீக மகரிஷி தாமரையைப் பெருமாள் காலடியில் வைக்க ஆசைப்பட்டு, குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைத்தாராம். அவர் படும் பாட்டைப் பார்த்துப் பெருமாளே இங்கே வந்து தரையில் படுத்துவிட்டார் என்பது தலக்கதை. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. திருமங்கையாழ்வார் பாடும்போது, பொன்னும் யானையும் நவமணியும் ஏற்றிய கப்பல்கள் பாரத்தில் சாய்ந்து அசைகிற துறைமுகமாக இதைக் காட்டுகிறார். அந்தத் துறைமுகம் போய்விட்டது. இன்று கரையில் நிற்பவை மீனவர்களின் ஃபைபர் படகுகள். ஒரு பக்கம் மேளதாளத்தோடு உற்சவர், இன்னொரு பக்கம் மணல் படிகளில் கன்னியம்மன், நடுவே படகுகள், பின்னால் ராஜசிம்மன் கோயில். இப்படி ஒரு பின்னணியை எந்த ஸ்டுடியோவும் உனக்குப் போட்டுக் கொடுக்காது.

ஆனால் அடுத்தவர் கல்யாணத்துக்குள் கேமராவை நீட்டாதே. கேட்டுவிட்டு எடு, வேண்டாம் என்றால் கீழே இறக்கு. அழைப்பிதழ் இல்லாமல் போகிற விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி இரு.

ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் நீ பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பாய், அவற்றைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் மட்டும் நிறுத்து. புலிக்குகைக்கு எல்லோரும் போவார்கள். அதன் அருகிலேயே மணலுக்குள் ஒரு முருகன் கோயில் கிடக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது பாறையில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன, அவற்றில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிய சேதி இருந்தது. அதை வைத்துக்கொண்டு 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானம் வந்தது, அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயிலின் அடித்தளம் வந்தது. கல்லில் செய்த வேல் ஒன்றும் கிடைத்தது. எடுத்துச் சொல்ல வழிகாட்டி யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் இதைப் படித்துவிட்டே போ.

கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம். அந்தக் கரையில் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது. முந்தின நாள் திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டில் தங்கிவிடுங்கள், விடிவதற்குள் கிளம்பினால் சரியாக இருக்கும். மாப்பிள்ளையை நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல், மணலில் உட்காரவேண்டியிருக்கும். கட்டுச்சோறு நான் கொண்டுவருகிறேன். புளியோதரையா, எலுமிச்சை சாதமா என்று மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு.

அன்புடன்,
அத்தை