தூரோடு எடுங்கள், ஐயா

கண்மாய் ஏலத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கண்மாயில் வேலிக்கருவை (சீமைக்கருவேல மரம்) வெட்ட ஏலம் விட்டதும், விறகு லாரி லாரியாகப் போனதும், ‘அகற்றப்பட்டது’ என்று படம் எடுத்துக்கொண்டதும் நீங்கள் அறிந்ததுதான். முடி வெட்டியதை மொட்டை அடித்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள்.

தூர், அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டை, அப்படியே நிற்கிறது. கணுக்கால் உயரத்தில், சாய்வாக வெட்டுப்பட்டு, கூராக. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் வந்ததும் அது கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்க இறங்கிய சினைப்பசு ஒன்றுக்குக் குளம்பின் நடுவே ஏறிவிட்டது. ஆட்கள் இறங்கித் தூக்கித்தான் கரையேற்றினோம். புண் சீழ் வைத்து, இன்னும் அந்தக் காலை ஊன்றாமல்தான் நிற்கிறது. தண்ணீர் வற்றியபின் பார்த்தால் ஒவ்வொரு தூரிலும் ஒன்றுக்கு ஐந்தாறாகப் புதுக்கிளை, முள்ளோடு. முன்பாவது ஆடு நுழைய வழி இருந்தது.

தரைக்குக் கீழே ஒரு முழமாவது தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள். குழியைப் பார்த்தபின் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

மரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்த வருசங்களில் எத்தனையோ வீட்டில் உலை கொதித்தது, இந்த மரத்தை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தால்தான். பூத்தால் தேனீ மொய்க்கும். நெற்றைத் தின்று ஆடு தேறும். அதன் புழுக்கை விழுந்த இடமெல்லாம் விதை முளைக்கும். பட்டா நிலத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கண்மாய் தண்ணீருக்கு உள்ள இடம்.

மூட்டத்துக்குத் தூர்க்கட்டைதான் உசத்தி. கரி கனமாக விழும், விலையும் கூட. தோண்டுகிற கூலி கட்டாது என்று ஏலக்காரர் விட்டுப்போனார். நாங்கள் கடப்பாரையோடு போனால் ‘அரசு சொத்து’ என்று விரட்டுகிறார்கள். அரசு சொத்து மாட்டுக் காலைக் குத்தலாம், எங்கள் மூட்டத்தில் வேகக் கூடாது போலும்! அயல் தாவரங்களை அகற்றவென்றே 2022இல் அரசு கொள்கை வெளியிட்டதே, அது எங்கள் கரை வரைக்கும் வருமா? மடைப் பலகை உடைந்து கிடப்பதையும் வரத்துக்கால் தூர்ந்ததையும் எழுதப் புகுந்தால் இந்த மடல் முடியாது.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஏலக்காரரைத் திரும்ப வரவழைத்துத் தூரோடு எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊராருக்கு அனுமதிச் சீட்டுக் கொடுங்கள், நாங்களே தோண்டிக்கொள்கிறோம். கண்மாய் காய்ந்து கிடக்கும் இந்தக் கோடையிலேயே உத்தரவு வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கரிமூட்டமும் போடும் ஆயக்கட்டு விவசாயி ஒருவன்