இடிமுகிலின் கீழ் இறங்கிய விமானம்

ஆசிரியருக்கு,

1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டலஸ் நகரில் தரையிறங்கவிருந்த டெல்டா 191 விமானம், இடிமுகிலிலிருந்து கீழ்நோக்கிக் கொட்டிய காற்றில் சிக்கி, ஓடுபாதையை எட்டுமுன்னரே விழுந்ததில் 137 பேர் மாண்டனர். முதலில் எதிர்காற்று விமானத்தைத் தூக்கிவிட, சில கணங்களிலேயே பின்காற்று அதன் வேகத்தைப் பறித்ததுதான் கொடுமை. ஐப்பசியில், மழைக்குச் சற்று முன்னதாக எங்கள் கிடுகு வேலியைச் சாய்க்கும் குளிர்காற்றும் அதே இனந்தான். அவ்விபத்தின் பின்னரே அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் இத்தகைய திடீர்க் காற்று மாற்றத்தை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கும் இக்காலத்தில், ஓடுபாதையருகே காற்றின் திடீர் மாற்றத்தை அளந்து விமானிக்கு உடனே அறிவிக்கும் ஏற்பாட்டுக்கு, நிலைய மேம்பாட்டுப் பணிகளில் முதலிடம் தருமாறு உரியவர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுன்னாகம்.