சிறு கப்பல்: கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில், சிறு சொகுசுக் கப்பல் நிறுவனங்களை ஒப்பிட்டு வெளியான கட்டுரையை வாசித்தேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நானும் என் மனைவியும் மூன்று முறை இத்தகைய கப்பல்களில் சென்று வந்திருக்கிறோம். சீபோர்ன், விண்ட்ஸ்டார், சீட்ரீம், ஸ்டார் கிளிப்பர்ஸ் ஆகிய நான்கையும் ஒரு நாள் கட்டணத்தின்படி வரிசைப்படுத்தி, மேலே இருப்பது மலிவு, கீழே இருப்பது ஆடம்பரம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அரிசி வாங்கப் போனால்கூடப் புழுங்கலா பச்சரிசியா என்று கேட்டுவிட்டுத்தானே விலையைப் பேசுகிறோம்?

முதலில் ஒரு திருத்தம். விண்ட்ஸ்டாரின் ஸ்டார் பிரைட் 212 பேர் செல்லும் கப்பல் என்று அட்டவணையில் உள்ளது. அது பழைய கணக்கு. 1988-ல் சீபோர்ன் பிரைட் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலையும் அதன் இரு சகோதரக் கப்பல்களையும் இத்தாலியின் பலெர்மோ கப்பல் கட்டும் தளத்தில் நடுவே அறுத்து, 25.6 மீட்டர் நீளமுள்ள புதிய பகுதியை இடையில் வைத்து இணைத்தார்கள். அதன்பின் ஒவ்வொன்றிலும் 312 பேர் செல்லலாம். உணவகங்கள் கூடின என்பது உண்மை. கூட்டமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. எனவே இந்த மூன்று கப்பல்களைப் பற்றிய பழைய மதிப்புரைகளை நம்பி எவரும் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது வசதி. சிறு கப்பல் என்றால் ஆளுக்கு நிறைய இடம் கிடைக்கும் என்று கட்டுரை சொல்கிறது. கப்பல்களுக்குச் சொல்லப்படும் மொத்த டன்னேஜ் என்பது எடை அன்று, உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற ராட்சதக் கப்பலின் டன்னேஜ் 2,48,663. அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். ஆளுக்கு 44 வருகிறது. 112 பேர் மட்டுமே செல்லும் சீட்ரீம் கப்பலின் டன்னேஜ் சுமார் 4,300, ஆளுக்கு 38தான்! அதன் அறைகளுக்குப் பால்கனியும் கிடையாது. 458 பேர் செல்லும் சீபோர்ன் குவெஸ்டில் இதே கணக்கு 70ஐத் தொடுகிறது. ஆக, தாராளமான அறை வேண்டுவோர் தேட வேண்டியது சீபோர்ன் வகையைத்தான்.

பிறகு சீட்ரீமில் அவ்வளவு பணம் எதற்கு என்றால், பணிவிடைக்கு. 112 பயணிகளுக்கு அங்கே சுமார் 95 பணியாளர்கள். ஐகானிலோ ஒரு பணியாளருக்கு இரண்டுக்கு மேற்பட்ட பயணிகள். இந்த வேறுபாடு எண்களில் தெரிவதைவிடச் சாப்பாட்டு மேசையில் நன்றாகத் தெரியும். எங்கள் முதல் பயணத்தில், சப்பென்று இருந்த காய்கறிக் கூட்டுக்கு என் மனைவி முதல் நாள் ஒரு பச்சை மிளகாய் கேட்டார். மறுநாளிலிருந்து இறங்கும் நாள் வரை, கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் நறுக்கிய மிளகாய் அவர் தட்டருகே காத்திருந்தது. ஆனால் சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறு கப்பலின் சமையற்கூடமும் சரக்கறையும் சிறியவை. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே எழுதிச் சொல்லாவிட்டால் பாஸ்தாவும் உருளைக்கிழங்குமாகவே ஒரு வாரம் ஓடிவிடும்.

ஸ்டார் கிளிப்பர்ஸை இந்த வரிசையில் 'மலிவு' என்று வைத்ததுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. அது சொகுசு விடுதியைக் கடலில் மிதக்க விடுகிற நிறுவனம் அன்று, பாய்மரக் கப்பல் ஓட்டுகிற நிறுவனம். 2000-ல் வந்த ராயல் கிளிப்பருக்கு ஐந்து பாய்மரங்கள், 42 பாய்கள், 227 பயணிகள். அறைகளில் பெரும்பாலானவை சிறியவை, வட்டச் சன்னல்தான். ஆனால் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேல்தள நீச்சல் குளத்தின் கண்ணாடி அடித்தளம் வழியே நீந்துபவர்களின் கால்கள் தெரியும். கப்பலின் மூக்கிலிருந்து நீளும் தண்டுக்கு அடியில் கட்டிய வலையில் படுத்துக்கொண்டால், முதுகுக்குக் கீழே கடல் பிளந்து ஓடும். இதை விரும்பாதவருக்கு அந்தக் கப்பல் எந்த விலையிலும் நட்டம்தான்.

கட்டணத்துக்கு வருகிறேன். சீபோர்னிலும் சீட்ரீமிலும் பானங்களும் பணியாளர்களுக்கான பணிக்கொடையும் (டிப்ஸ்) கட்டணத்திலேயே அடங்கியவை. விண்ட்ஸ்டாரில் அடிப்படைக் கட்டணம், எல்லாம் சேர்ந்த கட்டணம் என இரு வகை உண்டு. ஸ்டார் கிளிப்பர்ஸில் பானமும் பணிக்கொடையும் தனி. நாங்கள் சென்ற இன்னொரு கப்பலில் (பெயர் வேண்டாம்) கடைசி இரவு கதவிடுக்கில் ஒரு பில் செருகப்பட்டிருந்தது. இணைய வசதி, சேவைக் கட்டணம், இரண்டு கரைச்சுற்றுலாக்கள் எல்லாம் சேர்ந்து, நாங்கள் முன்பணமாகக் கட்டிய தொகையில் கால் பங்கை எட்டியது. குடிப்பழக்கம் இல்லாத எங்களுக்கே இந்தக் கதி. மேலும், விளம்பரத்தில் வரும் கட்டணம் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. தனியாகச் செல்பவரிடம் பல நேரம் ஏறக்குறைய இரு மடங்கு கேட்பார்கள். துணையை இழந்த முதியவர்கள் பலர் இத்தகைய பயணங்களை நாடுவதால், கட்டுரை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சிறிய உருவத்துக்கே கிடைக்கும் ஆதாயமும் உண்டு. கிரேக்க நாட்டில் சுமார் 6.3 கிலோமீட்டர் நீளமுள்ள கொரிந்து கால்வாயின் செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே நுழைய ராட்சதக் கப்பல்களால் இயலாது. வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னே செல்லக் கூடாது. அந்தக் கணக்கில் சீபோர்ன் குவெஸ்டும் பெரிய கப்பல்தான்! இதற்கு எதிர்ப்பக்கம், அலை எழுந்தால் சிறு கப்பல் அதிகம் ஆடும். கோடையில் ஏகியன் கடலில் வீசும் மெல்டெமி என்ற வடகாற்றால் எங்கள் இரண்டாம் பயணத்தில் இரண்டு தீவுகள் கைவிடப்பட்டன. அதற்காகத் திரும்பக் கிடைத்தது துறைமுக வரி மட்டுமே. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

இனி இப்படி ஓர் அட்டவணை வெளியிடும்போது, கட்டணத்தில் என்னென்ன அடங்கும், தனி நபருக்கு எவ்வளவு, துறைமுகம் தவறினால் என்ன திருப்பித் தருவார்கள் என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
கும்பகோணம்.