எது கையில், எது கீழே

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு டிக்கெட்டையும் அனுப்பிவிட்டு "எத்தனை கிலோ கொண்டுபோகலாம்ப்பா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். எல்லா விமானத்துக்கும் ஒரே எடை என்று ஒன்று இருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களுக்குக்கூட வேறு வேறு அளவு இருக்கும். எல்லாம் அவரவர் வாங்கிய டிக்கெட்டைப் பொறுத்தது. மலிவு டிக்கெட் சிலவற்றில் செக்-இன் பெட்டிக்கு இடமே கிடையாது, தனியாகப் பணம் கட்ட வேண்டும். போய்வந்த தோழி சொன்னாள் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, டிக்கெட்டில் 'பேக்கேஜ்' என்று போட்டிருக்கும் வரியைப் பார்.

அங்கே கிலோ மட்டும் போட்டிருந்தால் மொத்த எடைதான் கணக்கு. 'பீஸ்' என்று போட்டிருந்தால் பெட்டிகளின் எண்ணிக்கையும் கணக்கு, ஒவ்வொரு பெட்டியின் எடையும் தனிக் கணக்கு. சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோ. ஒன்றில் 27, இன்னொன்றில் 19 வைத்துவிட்டு, "கூட்டினால் 46 தானே?" என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. எடுத்து மாற்றி வை என்பார்கள், அத்தனை பேர் முன்னால் பெட்டியைத் திறந்து துணிகளைக் கிளற வேண்டியிருக்கும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டுகிறேன் என்றாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அதைத் தூக்கிப் போடுபவரும் மனிதர்தானே, அவர் முதுகுக்காக வைத்த வரம்பு அது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதும் பரவலான விதி. கூடுதல் எடைக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிடு. கவுன்டரில் கட்டினால் பொதுவாக அதிகம் ஆகும்.

கையில் கொண்டுபோகும் பைக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோ என்கின்றன. சில எடையைக் கண்டுகொள்வதில்லை, அளவை மட்டும் பார்க்கும். 55 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், 20 அல்லது 23 செ.மீ. தடிமன் என்பது அடிக்கடி காணும் அளவு. பை விற்பவர்கள் ஒட்டியிருக்கும் 'கேபின் சைஸ்' ஸ்டிக்கரை நம்பாதே. சக்கரமும் கைப்பிடியும் சேர்த்துத்தான் அளப்பார்கள். டேப் எடுத்து நீயே அளந்து பார்.

இப்போது எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கியிருப்பது இரண்டு தனித்தனி டிக்கெட், அதுவும் வேறு வேறு நிறுவனங்களில். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டிக்குக் கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டுவிடுவார்கள், வழி முழுக்கப் பெரும்பாலும் ஒரே விதிதான் செல்லும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நிறுவனத்தின் பொறுப்பு நடுவிலேயே முடிந்துவிடும். நீ குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று அடுத்த விமானத்துக்குப் போட வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய உனக்கு விசா தேவையா என்று இன்றைக்கே பார். இரண்டாவது நிறுவனம் அதன் சொந்த எடைக் கணக்கில்தான் வாங்கும். ஆகவே இரண்டில் எது குறைவோ அதுதான் உன் அளவு. (ஒரே டிக்கெட்டில் போனாலும், அமெரிக்காவுக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்ப ஒப்படைக்க வேண்டும்.) எப்படியானாலும், கவுன்டரில் டேக் ஒட்டும்போது அதில் உள்ள மூன்றெழுத்துக் குறியீடு எந்த ஊருடையது என்று படித்துப் பார்த்துவிட்டு நகரு. பழைய பயணத்து ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தால் முன்பே பிய்த்துப் போடு, இல்லாவிட்டால் ஸ்கேனர் குழம்பும்.

எடையைவிட முக்கியமானது, எது எந்தப் பைக்குள் போகிறது என்பது. பவர் பேங்க், கேமராவின் உதிரி பேட்டரி எல்லாம் கையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறிப் பற்றிக்கொண்டால் தானாகவே மேலும் மேலும் சூடேறும். சரக்கறையில் உள்ள தீயணைப்பு வாயு அதை முழுதாக அடக்காது, அங்கே போய்ப் பார்க்கவும் ஆள் கிடையாது. மேலே என்றால் புகை வந்தவுடன் யாராவது கவனிப்பார்கள். பேட்டரியில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதைச் சொல்லும் அளவு வாட்-அவர். அது 100 வரைக்கும் பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. உன்னுடையதில் 20,000 எம்.ஏ.எச். என்று இருக்கிறதல்லவா? அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை. ஆனால் எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சில இடங்களில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவில், புறப்படக் காத்திருந்த விமானம் தீப்பிடித்தது. மேல் லாக்கரில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் அதை லாக்கரில் வைக்கவோ பறக்கும்போது பயன்படுத்தவோ விடுவதில்லை. உன் இருக்கையிலேயே, கண்ணில் படும்படி வைத்துக்கொள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விமானம் நிறைந்துவிட்டால், ஏறும் வாசலில் வைத்தே கைப்பைக்கு டேக் போட்டுக் கீழே அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவரிடம் அப்படிக் கேட்டார்கள். மனிதர் "சரி" என்று கொடுத்துவிட்டார். பை கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போன பிறகுதான் அவருக்கு மாத்திரை நினைவு வந்தது. அது திரும்பி வந்து, அவர் தரையில் மண்டியிட்டு ஜிப்பைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே தேடித் தேடி, மாத்திரை, பவர் பேங்க், கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாகக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ அப்படி நிற்க வேண்டாம்மா. பாஸ்போர்ட், மாத்திரை, மருத்துவர் சீட்டு, சான்றிதழ்களின் அசல், நகை, பேட்டரி, மடிக்கணினி எல்லாவற்றையும் இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பையில் போடு. டிராலியைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கையில் கொண்டுபோகும் பைக்கான திரவ விதி உனக்குத் தெரியும் என்றாய். 2006-இல் பிரிட்டனில் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்ட பிறகு வந்தது. புட்டியின் கொள்ளளவே 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும், 200 மி.லி. புட்டியில் கால்வாசி ஷாம்பூ என்றாலும் போய்விடும். பற்பசையும் கிரீமும்கூட இந்தக் கணக்கில்தான். புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் நீ நடுவில் மாறும் இடத்தில் பழைய விதி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வாய். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதை சீல் வைத்த பையிலேயே ரசீதோடு விட்டுவிடு, பிரிக்காதே.

இவ்வளவு செய்தும் பெட்டி வராமல் போகலாம். பூட்டும் முன் உள்ளிருப்பதையும், பூட்டிய பின் வெளிப்புறத்தையும் படம் எடுத்து வை. டேக்கின் துண்டு ரசீதைத் தொலைக்காதே, அதிலுள்ள பத்து இலக்க எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். பெல்ட் காலியாகியும் பெட்டி வரவில்லை என்றால், வெளியே வருவதற்கு முன்பே பேக்கேஜ் கவுன்டரில் புகார் கொடுத்து 'பி.ஐ.ஆர்.' (பெட்டி வரவில்லை என்று பதிவுசெய்யும் அறிக்கை) எண் வாங்கு. 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். தாமதம் என்றால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். அது பெட்டிக்கு அல்ல, ஆளுக்கு. பெட்டி வரும்வரை அவசரத்துக்கு வாங்கும் துணிமணிக்கு ரசீதை எடுத்து வை, கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது நிறுவனத்தின் பேக்கேஜ் பக்கத்தைப் பார்த்துவிட்டு, விசா விஷயத்தையும் கேட்டுக்கொண்டு, இன்று இரவு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா